சுவருக்கு வந்த சீர்

பிளக்கைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார்.

சுட்டது.

மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை. சாக்கெட்டின் ஓரம் அடிபிடித்த பாத்திரம் போலப் பழுப்பேறியிருந்தது.

மணி ஒன்பது. பதினொன்றுக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள் இந்துமதிக்கு மீட்டிங். போன வாரம் இரண்டு முறை பாதியில் எல்லாம் அணைந்துபோனது. இன்னொரு முறை அப்படி ஆனால் பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். மகனுக்கு இங்கே மில்லில் வேலை. அவன் இங்கே, அவள் அங்கே என்றாகிவிடும்.

அந்த அறையில் ஒரே ஒரு சாக்கெட்.

அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் கடைசித் துளையில் இன்னொரு பாக்ஸ். லேப்டாப், பெரிய திரை, மோடம், பிரிண்டர். போதாததற்கு வெந்நீர் கெட்டில்.

ஒவ்வொன்றும் அவர் வாங்கியது.

திரை ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார் சம்பந்தி. அன்று சாயங்காலமே இவர் வாங்கி வந்து மாட்டினார். பிரிண்டருக்கும் அப்படித்தான். பிள்ளை வேலைக்கு நடுவில் காப்பிக்கு எழுந்து போகிறதே, ஒரு கெட்டில் வாங்கி… என்று சம்பந்தி போனில் இழுத்த மறுநாள், இங்கே கெட்டிலில் தண்ணீர் கொதித்தது.

பெண்ணை மட்டும் அனுப்புங்கள், ஒரு கரண்டிகூட வேண்டாம் என்று கல்யாணப் பந்தலில் ஊர் கேட்கச் சொன்னவர் இவர்.

சொன்னால் சொன்னதுதான்.

வாசலில் வண்டிச் சத்தம்.

சம்பந்தி நாச்சிமுத்து. நாற்பது வருடமாக வயர்மேன். அன்று ஆடி நோம்பி. பண்டிகைக்குப் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சீர் இல்லாமல் வெறுங்கையோடு போகக் கூடாது. வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தும் தாம்பாளத்தோடு வந்திருந்தார்.

வாழைப்பழம். வெற்றிலை பாக்கு. ஒரு சேலை.

வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு சுருள் பச்சை வயர். புது சாக்கெட். ஆறு துளை வைத்த நீளமான பாக்ஸ் ஒன்று.

“சம்பந்தி, நான் கல்யாணத்தப்பவே சொல்லிப்போட்டேன்.”

“இது உங்களுக்கில்லீங்க. செவுத்துக்கு.”

இந்துமதி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து அறைக்குள் குனிந்து பார்த்தார். பாக்ஸில் தொங்கிய பாக்ஸை விரலால் தூக்கினார்.

“மத்த நாலும் சேந்து ஒரு பங்கு கரண்ட் குடிச்சா, இந்தக் கெட்டில் ஒண்ணே அஞ்சு பங்கு குடிக்குமுங்க. இதுல பாக்ஸு மேல பாக்ஸு வேற. ஆருங்க மாட்டுனது?”



இந்துமதி தரையைப் பார்த்தாள். சொல்ல மாட்டாள். கேட்டவரின் மகள், கேட்கப்பட்டவரின் மருமகள்.

“நான்தான்.”

சொல்லிவிட்டு அவரே கெட்டிலைப் பிடுங்கினார். சமையலறைக்குக் கொண்டுபோய் மேடைமேல் வைத்தார். மிக்சிக்கென்று அங்கே பெரிய சாக்கெட் தனியாக இருந்தது.

திரும்பி வந்து தாம்பாளத்தின் முன் நின்றார்.

வயரை எடுத்தார். சாக்கெட்டை எடுத்தார். பாக்ஸை எடுத்தார்.

சேலையைத் தொடவில்லை. பழத்தையும்தான்.

பிறகு மெயினை இறக்கினார்.

நாச்சிமுத்து கழற்ற, பழைய சாக்கெட் சுவரைவிட்டு வந்தது. மேல் துளைக்குப் பின்னால், ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் வயரே இல்லை. முப்பது வருடம் முன்பு இவர் பக்கத்தில் நின்று கட்டிய வீடு. நாச்சிமுத்து அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படிக் காட்டிக்கொள்ளாதது இவருக்குப் பிடித்திருந்தது.

எர்த்துக்கான பச்சை வயர் சுவரோரமாக மெயின் போர்டு வரை போயிற்று. புது சாக்கெட்டில் ஒரே பாக்ஸ். அதில் நான்கு பிளக்குகள். அதற்கு மேல் எதுவும் கிடையாது.

பத்து ஐம்பதுக்கு இவர் மெயினை ஏற்றினார்.

பதினொன்று இருபதுக்கு, கேமராவில் விழாதபடி சுவரை ஒட்டி நடந்துபோய்ப் பிளக்கைத் தொட்டார். சூடே இல்லை. இந்துமதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், திணறாமல்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம்.

வெளியே வந்து கேட்டைச் சாத்தினார். எதிர்வீட்டு ரங்கசாமி காத்திருந்ததுபோல் வந்தார். ஊரில் யார் வீட்டுக்குள் எந்தத் தட்டு போகிறது என்று கணக்கு வைத்திருப்பவர். குரலும் பெரிது.

“ஏனுங்க, தாம்பாளம் உள்ள போச்சாட்ட இருக்குது? சீர் வாங்கற வழக்கமே நம்மூட்டுல இல்லீன்னீங்க!”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சேலை அப்படியேதான் இருக்கிறது.

“வாங்கிட்டேன்” என்றார். “மெதுவாப் பேசுங்க. உள்ள எம்மருமக பேசீட்டிருக்கறா.”