அருவிக்கு முதுகைக் காட்டி நின்றவர்

பூல்மத்தி அம்மாள் மறுபடியும் அருவிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கயெட்டூர் அருவியின் விளிம்பில் வேலி கிடையாது. பாறை முடிந்தால் காற்றுதான். தேநீர் நிறத்தில் வருகிற ஆறு அப்படியே மடங்கி எழுநூறு அடிக்கும் கீழே போகிறது.

அங்கே யாராவது திரும்பி நின்றால் வழிகாட்டியான நான் உடனே கூப்பிட்டுவிடுவேன்.

"அம்மா, ரெண்டு அடி உள்ள வாங்க."

வந்தார். கண் மட்டும் வரவில்லை. அது கிழக்கே, மேகம் மூடிய மலைகளின் மேலேயே இருந்தது.

அன்று எனக்கும் நிலைகொள்ளவில்லை. ஜார்ஜ்டவுனில் இருந்து எங்கள் சின்ன விமானம் கிளம்பும்போதே தாமதம். இப்போது பள்ளத்தாக்கிலிருந்து வெண்புகை போல மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஓடுபாதையை மூடிவிட்டால் பன்னிரண்டு பேரோடு காட்டில்தான் ராத்தங்கல்.

இந்த அம்மாள் வேறு. வரும் வழியெல்லாம் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. இருக்கைக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, விமானம் ஓட்டும் கேப்டன் அனிஷாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறை பறக்கிறார், பயம் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, அருவி இந்தப் பக்கம்!" டொரண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஹர்தத் கேமராவை ஆட்டிக் கத்தினார். "மரத்தைப் பாக்கிறதுக்கு உங்க வீட்டுத் தோட்டம் போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நாம வந்த வழியில ஆறு ரெண்டாப் பிரியுமாமே. அதை ஒட்டி ஒரு மலை இருக்கணுமே, எது?"

"மேகம் மூடியிருந்துச்சும்மா. போகும்போது பாக்கலாம்."

"போகும்போது மேகம் விலகிடுமா?"

"முதல்ல அருவியைப் பாருங்க" என்றேன்.

பார்த்தார், தெரியாத வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்த விமானம் ஓட்டுற பொண்ணு காலைல ஏதாச்சும் சாப்பிட்டாளா?"

எனக்கு எரிச்சல் வந்தது. அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க என்று சொல்லிவிட்டு மற்றவர்களை நடக்கச் சொன்னேன்.

பாதி வழியில் எண்ணிப் பார்த்தேன். ஒரு ஆள் குறைந்தது.

யார் என்று பார்க்கவே தேவையில்லை. விளிம்புக்குத் திரும்ப ஓடினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். அருவியின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாறை காலியாக இருந்தது. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே புகையும், அதற்குள் பாய்கிற குருவிகளும்தான்.

ரேடியோவில் சொல்லலாம் என்று ஓடுபாதைக்கு மூச்சிரைக்க வந்தபோது, விமானத்தின் இறக்கைக்கடியில் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் கேப்டன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு முழ இடைவெளியில் நின்று, ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லாம கொள்ளாம இப்படியா வருவீங்க? நான் செத்துப் பொழைச்சேன்!"

"டெவோன், கத்தாத." கேப்டன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எல்லாரையும் ஏத்து. இவங்க முன்னாடி, எனக்குப் பக்கத்துல."

காலையிலிருந்து அந்த முன்னிருக்கைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்த ஹர்தத் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். அம்மாளின் பெல்ட்டை கேப்டனே மாட்டி, ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்தாள்.

மேகம் மூடுவதற்குள் எழும்பிவிட்டோம். வழக்கம்போல அருவிக்கு மேலே ஒரு சுற்று. கேமராக்கள் எல்லாம் சன்னலில்.

அதற்குப் பிறகு நேராக ஊரைப் பார்த்துப் போக வேண்டும். போகவில்லை.

ஓரிடத்தில் மேகம் கிழிந்திருந்தது. விமானம் அதற்குள் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே காடு, காட்டைத் தவிர ஒன்றுமில்லை. "இங்க என்ன இருக்கு? அருவிக்கு இன்னொரு தடவை போகச் சொல்லுப்பா" என்று பின்னாலிருந்து ஹர்தத் என் தோளைத் தட்டினார்.

நான் முன்னிருக்கைக்கு நேர் பின்னால் இருந்தேன். இன்ஜின் சத்தத்தை மீறி கேப்டன் கத்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அம்மா, அந்தச் சரிவுல ஒரு வெள்ளை மரம் தனியா நிக்குது பாரு. அதுக்குக் கீழ. அங்கதான் அப்பா."

அந்தச் சரிவு எங்களுக்குத் தெரியும். இந்த வழியில் பறக்கிற எல்லோருக்கும் தெரியும். தங்கச் சுரங்கத்துக்கு டீசல் கொண்டுபோன ஒரு சின்ன விமானம் பல வருடங்களுக்கு முன்னால் அங்கே விழுந்து எரிந்தது. நடந்தே தேடிப் போனவர்கள் உடல் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்கள். பயணிகளுக்கு அந்த இடத்தை நாங்கள் காட்டுவதில்லை.

அதை ஓட்டியவரின் மகள்தான் எங்கள் கேப்டன் என்று எனக்குத் தெரியாது. அவளும் விமானம் ஓட்டப் போனதிலிருந்து தாய் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும், மகளுக்குச் சொல்லாமல் இந்தப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தார் என்பதும் தரையிறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பூல்மத்தி அம்மாள் முதல்முறையாகக் கைப்பிடியை விட்டுவிட்டு, கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டதுதான்.

விமானம் சாய்ந்தபடியே சுற்றியது.

"இவ்வளவு பச்சையாவா இருக்கு?" என்றார். "இத்தனை வருஷமா அந்த இடம் எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னுல்ல நெனச்சேன்."