அஞ்சு ரூவா போதும்

பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்துக் காலையில் வாங்கிய கம்மலை, மத்தியானமே சங்கரன்கோவில் அடகுக்கடையில் நீட்டினாள் வெள்ளைத்தாய்.

கடைக்காரர் வாசலில் நின்ற அவள் புருஷனை முறைத்தார். "இவன் வைக்கச் சொன்னானா? சரி, முந்நூறு தாரேன்."

"அஞ்சு ரூவா போதும் அண்ணாச்சி. திருப்புத அன்னைக்கு முந்நூறுக்கு நான் எங்க போக?"

"அஞ்சு ரூவாய்க்குத் தங்கத்தை வைப்பாங்களா? வீட்டுலயே வச்சுக்கிட வேண்டியதுதான? எதுக்கு வீணா வட்டி கட்டுத?"

"போன கம்மலை வீட்டுலதான் வச்சிருந்தேன். இவரு சீட்டாடித் தோத்துட்டாரு. இது ஒங்க இரும்புப்பெட்டியில இருக்கட்டும். நான் கட்டுதது வட்டி இல்ல அண்ணாச்சி, காவல்கூலி."

வாங்கிய ஐந்து ரூபாயைப் புருஷன் கையில் திணித்தாள்.

"இந்தாரும். ஆடணும்னா இதை வச்சு ஆடும்."