போகப்போறன் என்றவர்

சுபியான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தார்.

மதியச் சாப்பாட்டுத் தட்டு மூடி திறக்காமல் கிடந்தது. வெளியே மைனஸ் பன்னிரண்டு. அவருடைய கோட் அலுமாரிக்குள்தான் தொங்கியது. பையும் அடுக்கியிருக்கவில்லை.

"நான் வீட்டை போகப்போறன் எண்டு டொக்ரருக்குச் சொல்லுங்கோ," என்றார், உள்ளே வந்த இராஜேஸ்வரியிடம்.

அவள் ஆஸ்பத்திரிக்குத் தமிழ் மொழிபெயர்க்க வருபவள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் அது. ரொறன்ரோவில் அவளுக்கு ஒரு நாளும் வேலை இல்லாமல் இருந்ததில்லை.

நேற்றும் இவரிடம் வந்து பத்து நிமிடம் நின்றிருக்கிறாள். வயது அறுபத்திரண்டு, தையல்காரர், இலங்கையில் கடைசி விலாசம் புத்தளம் என்று கோப்பில் இருந்தது. நெஞ்சு நோவோடு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்திருந்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று வியாழக்கிழமை பார்ப்பார்கள் என்று அவள்தான் அவருக்கு விளங்கப்படுத்தினாள். அப்போது அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இன்றைக்கு என்ன வந்தது?

டொக்ரர் ஒரு இளம் பெண். கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். அவள் சொன்னதை இராஜேஸ்வரி கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள்.

போவது அவருடைய உரிமை. ஒருவரும் மறிக்க முடியாது. ஆனால் போனால் பஸ்ஸிலேயே நெஞ்சு நின்றுபோகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறார் என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

சுபியான் கவனமாகக் கேட்டார். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை.

ஏன் போகிறார் என்று டொக்ரர் கேட்டாள். சாப்பாடா? மகள் கொண்டுவந்து தருகிறாள். வேலையா? இல்லை. சிகரெட்டா? தொட்டதே இல்லை. வியாழக்கிழமைப் பரிசோதனைக்குப் பயமா?

அதற்கு மட்டும் சிரித்தார்.

ஆஸ்பத்திரியை விட்டுப் போக நிற்பவர்கள் பலரை இராஜேஸ்வரி கண்டிருக்கிறாள். எல்லோரிடமும் ஒரு அவசரம் இருக்கும். இவரிடம் அது இல்லை. மகள் ரிஸ்மியா மிசிசாகாவில் வேலையில் நின்றாள். தன்னை வந்து கூட்டிப்போகும்படி அவளுக்குக்கூட இவர் சொல்லியிருக்கவில்லை.

"உந்தப் படிவத்தைத் தமிழிலை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தாள்.

"என்னை ஒருத்தரும் போகச் சொல்லேல்லை, நானாத்தான் போறன். அப்பிடித்தானே கிடக்கு?"

"ஓம்."

அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பேனையை வாங்கினார்.

டொக்ரர் அவருக்கு முன்னால் குந்தி இருந்து, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

"தயவுசெய்து போகாதேங்கோ," என்றாள் இராஜேஸ்வரி. "இருங்கோ."

பேனை படிவத்துக்கு மேலே அப்படியே நின்றது. அவர் டொக்ரரைப் பார்க்கவில்லை. இராஜேஸ்வரியைப் பார்த்தார்.

"உது டொக்ரர் சொல்றதோ, நீங்கள் சொல்றதோ பிள்ளை?"

மொழிபெயர்க்க வந்தவர் தன் சொல்லைச் சொல்லக்கூடாது. பயிற்சியில் முதல்நாளே சொல்லித்தந்த விதி. சுபியான் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் டொக்ரருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை.

"நானும்தான் சொல்றன்," என்றாள். "போகாதேங்கோ."

சுபியான் பேனையைக் கட்டிலில் வைத்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கிக் கம்பளிக்குள் நீட்டினார்.

டொக்ரர் எழுந்து, கையெழுத்தில்லாத படிவத்தை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்று அவர் இராஜேஸ்வரியைக் கேட்டார்.

"ஓட்டுமடம்."

"நேற்று நீங்கள் கதைக்கேக்கை நினைச்சனான், எங்கடை பக்கம்தான் எண்டு. நான் சோனகதெரு."

சோனகதெரு அவளுடைய வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். புத்தளத்துக்காரர் தன்னைப்போலவே பேசுகிறாரே என்று அவளும் நேற்று யோசித்திருந்தாள்.

"தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி," என்றார் சுபியான். "யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுக்க இரண்டு மணித்தியாலத்துக்குள்ளை வெளிக்கிட வேணும் எண்டு இயக்கம் ஸ்பீக்கரிலை சொன்னது. வெளிக்கிட்டம். ரோட்டு நீட்டுக்குத் தமிழ்ச் சனம் நிண்டு பாத்தது. ஆரும் ஒராள் போகாதேங்கோ எண்டு சொல்லும் எண்டு நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"அது கேக்க எப்பிடி இருக்கும் எண்டு அறியவேணும் போலை கிடந்தது. அவ்வளவுதான்."



"நீங்கள் எப்ப கனடா வந்தனீங்கள்?"

"தொண்ணூற்றிரண்டு."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்டைக்கு நாங்கள் படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு நிண்டு பாத்தனாங்கள்," என்றாள் இராஜேஸ்வரி.

சுபியான் அவளைப் பார்த்தார். பிறகு தலையணையில் சாய்ந்தார்.

இவ்வளவு நேரமும் நோயாளி என்ன சொன்னார் என்று டொக்ரர் கேட்டாள்.

இராஜேஸ்வரி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இருக்கிறாராம்."