மேட்டு விதை, பள்ளத்துப் பச்சை

"வியாழக்கிழமை பூந்தூறல் வருதாம் அக்கா. புதனுக்குள்ள விதைச்சுடு. இப்படி ஒரு ஈரம் இனிமே கிடைக்காது."

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அலபாமா மலையடியில் ஒரு தம்பி தன் அக்காவுக்கு வலிய வந்து சொன்ன நல்ல வார்த்தை இது. அந்த நல்ல வார்த்தை பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

சொன்னவன் டோயல், வயது அறுபத்திரண்டு. கேட்டவள் வெல்மா, அவனுக்கு மூன்று வயது மூத்தவள். அப்பா போன பிறகு நிலம் இரண்டானது. மேட்டுச் சரிவு அக்காவுக்கு, அதன் காலடியில் கிடக்கும் பள்ளம் தம்பிக்கு. வேட்டைக் காலத்துக்கு முன்னால் மானுக்கென்றே ஆளுக்கு ஓர் ஏக்கர் ஓட்ஸ் விதைப்பார்கள். யார் கொல்லை பச்சையாக நிற்கிறதோ அவர் பரணுக்கு எதிரேதான் மான் வந்து மேயும். நவம்பரில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை பெரிய கொம்பு மானை வீழ்த்துகிறவருக்கே, அடுத்த வியாழக்கிழமை வரும் நன்றித் திருநாள் விருந்தில் அப்பாவின் நாற்காலி.

நான்கு வருஷமாக அதில் வெல்மாதான். வான்கோழியை அறுத்துப் பரிமாறும்போது தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அது டோயலுக்கு அடுத்த விருந்துவரை செரிக்காது.

மழையை நம்பி விதைப்பது எப்போதுமே சூதாட்டம்தான். அந்த வருஷம் செப்டம்பர் முழுக்க மண் ஓடாகக் காய்ந்தது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, வண்டியில் போகும்போது ரேடியோவில் டோயல் கேட்டான்: வளைகுடாவில் கிளம்பிய புயல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, வியாழக்கிழமை கொட்டித் தீர்க்கும். கேட்டவுடன் வண்டியை நேராக அக்கா வீட்டுக்கு விட்டான். பூந்தூறல் என்றான்.

வெல்மா கையைத் துடைத்துக்கொண்டு, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். சுடச்சுட ஒரு துண்டு சோள ரொட்டியும் கொடுத்தனுப்பினாள்.

அவன் மனைவி நெட்டிதான் கேட்டாள். "கூடப் பொறந்தவளையே கவுக்கறீங்களே, நல்லா இருக்கா?"

"நான் எங்க கவுத்தேன்? மழையில்ல கவுக்கப் போகுது" என்றான் டோயல், ரொட்டியை மென்றபடி.

புதன்கிழமை பொழுதுக்கும் மேட்டில் டிராக்டர் ஓடியது. வெல்மா உழுது விதை தூவுவதை அவன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுடைய ஓட்ஸ் மூட்டைகள் கொட்டகையில் பத்திரமாக இருந்தன.

வியாழக்கிழமை வானம் பொத்துக்கொண்டது. மேட்டின் செம்மண் குழம்பாகக் கரைந்து, வேலியைத் தாண்டி அவன் பள்ளத்தில் வந்து படிந்தது. விடிந்ததும் ஏறிப் போய் அக்காவுக்கு ஆறுதல் சொன்னான். ரேடியோக்காரன் ஏமாற்றிவிட்டானே என்று உச்சுக் கொட்டினான். போனது போகட்டும், மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் தூவிப் பார்க்கிறேன் என்றாள் அவள்.

பத்து நாள் கழித்துத்தான் அதிசயம். டோயல் ஒரு மணி விதைகூடப் போடாத பள்ளம் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. மேட்டு விதை மொத்தமும் இறங்கி வந்துவிட்டது. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நெட்டிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. எதற்கும் நம் விதையையும் போட்டுவிடலாமே என்றாள்.

"போட எடம் எங்கடி இருக்கு? அக்கா உழைப்பு, நம்ம வெளச்சல்" என்று சொல்லி, தன் ஓட்ஸ் முழுவதையும் பக்கத்து வீட்டுக் குதிரைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டான். மனித வாடை பட்டால் மான் மிரளும் என்று பிறகு கொல்லைக்குள் கால் வைக்கவும் இல்லை. தூரத்தில் நின்று பச்சையைப் பார்த்துப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வான்.

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை. உறைபனி பூத்த விடியலில் பரண்மேல் மூச்சடக்கி இருந்தான். வந்தது பாருங்கள், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கிழட்டுக் கடா. நேராக அவன் பச்சைக்குள் இறங்கியது. நின்று மேயட்டும், ஆற அமரச் சுடலாம் என்று துப்பாக்கியைத் தோளில் பதித்துக் காத்திருந்தான்.

அது நிற்கவில்லை. தலையைக்கூடத் தாழ்த்தவில்லை. சந்தைக் கூட்டத்தைக் கடக்கிற அவசரக்காரன்போல விறுவிறுவென்று கொல்லையைக் கடந்து, மரங்களுக்குள் புகுந்து, மேட்டில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம்.

மூச்சு வாங்க ஏறிப் போனான் டோயல். மேட்டில் கணுக்காலுக்குமேல் ஓட்ஸ் தளதளவென்று நின்றது. அதன் நடுவே கடா கிடந்தது. வெல்மா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் ஒரு குவளை நீட்டினாள்.

"என் கொல்லையில அத்தனை தீனி கெடக்கு. ஒரு வாய்கூட வைக்காம வந்துடுச்சே அக்கா."

"எப்படிடா வைக்கும்? புதன்கிழமை நான் தூவினது மாட்டுக்குப் போடற ஃபெஸ்க்யூ புல்லு, மான் அதை மோந்துகூடப் பாக்காது. ஓட்ஸ் மூட்டையைப் புயல் போனப்புறம்தான் பிரிச்சேன். பொறந்ததுலேருந்து எனக்கு ஒரு நல்லது சொல்லாதவன் மேடேறி வந்து சொன்னியே, நீ அந்தப் பக்கம் எறங்கினதுமே நான் ரேடியோவைப் போட்டுட்டேன்."

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும் கண்ணுகளா. கூடப் பிறந்தவர்கள் எத்தனை மல்லுக்கு நின்றாலும் சாப்பாட்டுக்கு ஒரே மேசைக்கு வந்து சேரட்டும்.