திருக்கை வால்

"சட்டியைத் திற."

முத்துச்சிப்பி விளையும் கடற்பார்களைக் காவல் காக்கும் இன்ஸ்பெக்டர் சிவசுப்பிரமணியம் வாசலில் நின்றபடியே அதட்டினார். அடுப்பில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்த மீனவன் பக்கீர் சட்டென்று எழுந்தான்.

"மரக்கறிதான் ஐயா..."

"சிலாபத்துறைக் கரை முழுக்க மீன் மணக்குது. மரக்கறியாம்!"

அடுப்படிக்கு வந்து மூடியை அவரே தூக்கினார். மிளகு, சீரகச் சரக்கு அரைத்துவிட்ட குழம்பில் திருக்கைத் துண்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. திருக்கை பிடித்தால் மறியல், சிறைதான் என்று போன கிழமைதான் பறையடித்துச் சொன்னார்கள்.

பக்கீருக்கு ரோசம் வந்துவிட்டது.

"போன வருசம் நீங்கள்தானே ஐயா கொல்லச் சொன்னீங்கள்? சிப்பி தின்னுற கள்ளன் எண்டு. வாலைக் கொண்டுவந்தால் காசும் தந்தீங்கள்!"

"ஓம். இப்ப சிப்பி ஆராய்ச்சிக்கு வந்த வெள்ளைக்காரத் துரை பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்திட்டார். திருக்கை வயித்துப் புழுவின்ர குஞ்சுதான் சிப்பிக்குள்ள போய் முத்தாகுதாம். திருக்கை இல்லாட்டி முத்தும் இல்லை."

"அப்ப போன வருசம் சொன்னது பொய்யோ?"

"பொய்யில்லை. அண்டைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கூடத் தெரிஞ்சால் மாத்தத்தானே வேணும்?"

"நல்லாயிருக்கு! துரை மாத்துவார், நான் மறியலுக்குப் போவனோ?"

உள்ளே பச்சைப்பிள்ளை வீரிட்டு அழுதது. திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி றாபியாவின் குரல் வந்தது.

"ஐயா, எனக்குப் பால் சுரக்கேல்லை. அதுக்குத்தான் திருக்கைக் கறி. இவரைக் கொண்டுபோயிடாதேங்கோ. நான்தான் கேட்டனான்."

இன்ஸ்பெக்டர் மூடியைத் திரும்பச் சட்டியில் போட்டார்.

"வால் எங்க?"

பக்கீர் நாக்கைக் கடித்துக்கொண்டான். போன வருசப் பழக்கம் விடுமா? வாலை வெட்டிக் கூரையில் காயப் போட்டிருந்தான். எட்டி இழுத்த இன்ஸ்பெக்டர், அதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு விறுவிறென்று நடந்தார்.

போச்சு, சாட்சி கோர்ட்டுக்குப் போகுது! பக்கீர் பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, உங்கட காலைப் பிடிக்கிறன்..."

தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் அங்குமிங்கும் பார்த்தார். வாலை உருவிச் சுழற்றிக் கடலுக்குள் வீசி எறிந்தார்.

"ஆர் வந்து கேட்டாலும் சுறா எண்டு சொல்லு."

பக்கீருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "துரை அறிஞ்சால் உங்களுக்கு வேலை போயிடுமே ஐயா!"

"துரையின்ர படிப்பு அடுத்த வருசமும் மாறும்," என்றார் இன்ஸ்பெக்டர், கையைக் கடல்நீரில் அலம்பியபடி. "பிள்ளைக்குப் பால் இண்டைக்கெல்லோ வேணும்?"