குரைக்காத செவலை

தெருநாய்களுக்குக் காவல் பயிற்சி தரும் கொட்டகையில் வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது. தேறிய நாயை எங்கோ ஒரு வீட்டு வாசலில் தனியாகக் கட்டிவிடுவார்கள். அங்கே சோறு விழுமோ அடி விழுமோ என்று செவலை நாய்க்கு ஒரே பயம். அதனால் திருடன் வேடத்தில் ஆளை அனுப்பித் தேர்வு வைக்கும்போதெல்லாம் அது குரைக்காமலே தோற்றுவந்தது.

ஒரு மத்தியானம் ஒருவன் சுவரேறிக் குதித்தான். செவலைக்குக் குரைப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

"குரைச்சிடாதடா! பாஸாயிட்டா உன்னையும் கொண்டுபோயிடுவாங்க," என்று கிசுகிசுத்தது கூட்டாளி நாய் புள்ளி.

"இவன் நெசத் திருடன் மாதிரி இருக்கானே?"

"போன தடவை வந்தவனும் அப்படித்தான் இருந்தான்."

இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தன. அவன் அடுக்களைக்குள் போய், நாய்களின் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகவே வெளியேறினான்.

"அப்பாடா, இந்தத் தடவையும் தோத்துட்டோம்," என்றது புள்ளி.

செவலை, வாசல் வரை சிந்திக் கிடந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தது.