ஊக்குக்கு ஒரு பெட்டி

"பதினொண்ணு! ஒரே வாரத்துல!"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கால் நுனியால் அட்டைப் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி எண்ணினார். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரண்டாம் மாடிக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏச்சு வாங்குவது வேறு யாரோ என்பது போலிருந்தது முகம்.

டேப்கூடப் பிரிக்காத ஒரு பெட்டியைச் செயலாளர் கிழித்தார். கசக்கிய காகிதம் பந்து பந்தாகக் கொட்டி, கடைசியில் ஓர் ஊக்கு அட்டை விழுந்தது.

"குண்டான் கொள்ற பெட்டிக்குள்ள ஊக்கு! தெருமுனைக் கடையில கிடைக்காதாம்மா?"

வேடிக்கை பார்த்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். செயலாளர் விடவில்லை.

"ஆன்லைன்லதான் வாங்குவேன்னாலும், எல்லாத்தையும் சேர்த்து ஒரே பெட்டியில அனுப்புற கம்பெனி இருக்கு. இந்தக் கம்பெனியையே ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க? வீட்ல எத்தனை பேரு?"

"மூணு வருஷமா ரெண்டே பேருதான்." வெடுக்கென்று சொன்னார் பக்கத்தில் நின்ற அவள் கணவர்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவு குப்பையா? மக்குறது, மக்காததுன்னு பிரிக்கிறதெல்லாம் அப்புறம். வாங்குறதையே குறைக்கணும். இன்னொரு தடவை இப்படி வந்தா உங்க வீட்டுக் குப்பையை எடுக்க வேணாம்னு சொல்லிருவேன்."

வீட்டுக்குள் வந்ததும் கணவர் அவள் கைபேசியை எடுத்து அந்த ஆப்பை அழித்தார். கேட்டுவிட்டு எடுக்கும் பழக்கம் அவருக்கு எந்த நாளும் கிடையாது.

"மானம் கப்பலேறுது. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை, துணிப்பையைத் தூக்கிட்டுக் கடைக்குப் போ."

"சரி."

அன்று முழுக்க அவள் டேப்பை உரித்து, அட்டைகளைத் தட்டையாக்கிக் கட்டினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்ததை அட்டையில் கறை பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கணவர் குளித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தவள் உடனே திறந்தாள்.

அந்தக் கம்பெனியில் பெட்டி கொண்டுவர ஒரு தெருவுக்கு ஒரே ஆள். இந்தத் தெருவுக்கு ஹெல்மெட் போட்ட ஓர் இளம்பெண். முன்பே ஆர்டர் போட்டிருந்த சட்டைப் பொத்தான்களை, பெரிய பெட்டியோடு நீட்டினாள்.

"இதுதான் கடைசி. இனிமே ஆர்டர் போட முடியாது," என்றாள் இவள், ஏற்ற இறக்கமில்லாத குரலில்.

வந்தவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினாள். வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா கண்டுபிடிச்சிட்டாராம்மா?"